பூங்காவுக்கு வெளியே ஒரு குழாய்

நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் இளம் பொறியாளர் ஒருவர் போன மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பூங்காவின் படம் அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டரில் வரைந்தது. நாய்க்குட்டியோடு நடக்கும் ஒரு பெண், பலூன் பிடித்த குழந்தை, ஷூ போட்டு ஓடும் ஒரு வாலிபர் எல்லாம் அதில் இருந்தார்கள். அத்தனை பேரும் நல்ல சிவப்பு, வெயிலே படாதவர்கள். "எப்படி இருக்குது மேடம்?" என்று கேட்டிருந்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். எனக்குத்தான் அந்தப் புத்தி கிடையாதே. ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மரக்காணம் உப்பளக் கரையை ஒட்டி இருக்கும் பேரூராட்சி ஒன்றில் நான் ஓவர்சியராக இருந்தேன். எந்தப் பேரூராட்சி என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, ஊர்ப் பெயரை எதற்கு இழுக்க வேண்டும்?

நான் கடற்கரைக்காரி இல்லை. திண்டிவனம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன், ஒரு காண்டிராக்டரிடம் இரண்டு வருஷம் செங்கல் எண்ணினேன், பிறகு அரசு வேலை கிடைத்தது. அப்புறம் சாக்கடை, சிமெண்ட் சாலை, பொதுக் கழிப்பறை, சுடுகாட்டுக் கொட்டகை. இருபது வருஷம் இதே பாட்டுத்தான். சுடுகாட்டுக் கொட்டகை நன்றாகக் கட்டினால் யார் வந்து பாராட்டப் போகிறார்கள்? அதனால், ஊருக்கு ஒரு பூங்கா வரப்போகிறது, நீதான் வரையவேண்டும் என்று சொன்னபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குத் திரும்பும் முனை. புறம்போக்கு நிலம். சீமைக் கருவேல முள், நடுவில் பெரிய பூவரச மரம் ஒன்று, சாலை ஓரத்தில் ஒரு தெருக்குழாய். அவ்வளவுதான் இருந்தது, அல்லது அவ்வளவுதான் நான் பார்த்தேன்.

வரைவதற்கு முன்னால் இடத்தைப் போய்ப் பார்த்து ஒரு படிவம் நிரப்பவேண்டும். நான் சாயங்காலம் நாலரை மணிக்குப் போனேன். வெயில் தாழ்ந்த பிறகு டேப் பிடித்து அளப்பது சுகம். எங்கள் ஊர்ப் பக்கம் வயலில் ஆட்கள் சாயங்காலமும் இருப்பார்கள். உப்பளம் அப்படி இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிட்டு, வெயில் ஏறி பத்தரை, பதினோரு மணிக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள். நான் போன நேரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. படிவத்தில் 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதினேன்.

அதற்கு அடுத்த கட்டம், 'அகற்றவேண்டியவை'. முள் எழுதினேன், குப்பை எழுதினேன். மூன்றாவதாக 'பழுதடைந்த தெருக்குழாய் ஒன்று' என்று எழுதினேன். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். குழாய் பழுதாகவில்லை. கீழே இருந்த சிமெண்ட் மேடைதான் வெடித்திருந்தது. நானே திறந்து பார்த்தேன், நல்ல தண்ணீர் கொட்டியது. ஆனால் நான் மனதில் போட்ட சுற்றுச்சுவர்க் கோடு சரியாக அந்தக் குழாயின் மேல் போயிற்று. நன்றாக இருக்கிற குழாயை எடுக்கவேண்டும் என்றால் நூறு கேள்வி வரும், பழுது என்று எழுதினால் ஒரு கேள்வியும் வராது. அலுவலகத்தில் எல்லோரும் செய்கிற சின்னப் பொய்தான். எழுதிவிட்டு, குழாயில் முகம் கழுவிக்கொண்டுதான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

செயல் அலுவலர் ஞானசேகரன் சார் ஒரு தினுசான மனிதர். அதட்ட மாட்டார், வரைபடத்தை உட்கார்ந்தும் பார்க்க மாட்டார். மேஜைமேல் விரித்து, நான்கு மூலைக்கும் பேப்பர் வெயிட் வைத்து, நின்றுகொண்டு வலது கையின் இரண்டு விரலை வாசல் வழியாக உள்ளே நடக்க விடுவார். ஆள் நடக்கிற மாதிரியே மெதுவாக நடக்கும். "யாரும்மா இவரு?" என்று கேட்பார். நான் பதில் சொல்லவேண்டும். சுகருக்கு நடக்க வருகிற பெரியவர் சார் என்றால், விரல்கள் நடைபாதையைச் சுற்றிவரும். களைத்தால் உட்கார பெஞ்சு எங்கே என்று கேட்பார். அடுத்து ஒரு குழந்தை வரும், ஊஞ்சலுக்குப் போகும். அடுத்து ஒரு தாய் வருவார், குழந்தை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவருக்கு நிழல் வேண்டும் என்பார். பூவரச மரத்தை வெட்டாமல் விட்டது அந்தத் தாய்க்காகத்தான். அன்று விரல்கள் ஏழெட்டு தரம் உள்ளே போய் வந்தன. சாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலையில் உப்புச் சுமந்த ஒரு பெண் அந்த வாசலில் நுழையவே இல்லை.

பூங்கா கட்டினோம். என் பெருமை இரண்டு. ஒன்று, நடுவில் நீல டைல்ஸ் பதித்த தொட்டி, அதில் தாமரை மாதிரி ஒரு நீரூற்று. திறப்பு விழா அன்று பீய்ச்சியது, பிறகு மோட்டார் படுத்துக்கொண்டது. தொட்டியில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மட்டும் நிறைந்து நின்றது. இரண்டாவது, கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை. வெறுங்காலில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று எல்லா ஊரிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி, கூராக இருந்ததை எல்லாம் நிமிர்த்திப் பதிக்கவைத்தேன். குத்தினால்தானே பலன்.

காலை ஐந்து முதல் ஒன்பது வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை என்று நேரம் வைத்தோம். வெயில் நேரத்தில் யார் வரப்போகிறார்கள்?

வந்தார்கள். பூங்காவுக்குக் காவலாளியாக இருந்த கோதண்டம் இளகிய மனசுக்காரர். பதினோரு மணிக்கு உப்பளத்திலிருந்து ஏறிவரும் பெண்கள் பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் சின்னக் கதவைத் திறந்துவிட ஆரம்பித்திருந்தார். எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று ஒருநாள் அந்த நேரத்துக்குப் போனேன்.

பூவரச நிழலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். சிலர் முந்தானையை விரித்துப் படுத்திருந்தார்கள். நான்கு பேர் என் நீலத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இது என்ன கால் கழுவுகிற இடமா, நடக்க அவ்வளவு அழகாகக் கல் பதித்து வைத்திருக்கிறேனே, அதில் நடந்தால் கால் வலி போகுமே என்று சத்தம் போட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். பாதம் முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புண்.

"காலையிலேர்ந்து கல்லு மாதிரி உப்பு மேலதான் நிக்கிறோம். நீங்க ஒருக்கா அதுல செருப்பில்லாம நடந்து பாருங்க, அப்புறம் நாங்க நடக்கிறோம்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அவர் பெயர் அஞ்சலை.

அஞ்சலைக்கு சுகர். உப்புத் தண்ணீர் காலில் காயக்கூடாது, கரையேறின உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் புண் ஆறாது, விரல் போகும் என்று சுகாதார நிலையத்து நர்சம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். உப்பளத்தில் குடிக்கிற தண்ணீரே கேனில்தான் வரும். வீடு ஒரு மணி நேர நடை. முன்பெல்லாம் அந்தத் தெருக்குழாயில் கழுவிக்கொண்டிருந்தார்கள். அது போன பிறகு தொட்டிக்கு வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவர் என்னைக் குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. மழை வந்தது, குடை பிடித்தோம் என்பதுபோலச் சொன்னார். நான் கோதண்டத்தைக் கண்டுகொள்ளாமல் திரும்பிவந்தேன். அதோடு விட்டிருந்தால் எல்லாம் நன்றாகவே போயிருக்கும்.

அடுத்த மாதம் மனு வந்தது. காலையில் நடக்க வருகிறவர்கள் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தொட்டித் தண்ணீர் அழுக்காகிறது, பூட்டியிருக்க வேண்டிய நேரத்தில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்று. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முதல் கையெழுத்துப் போட்டவர் வளைகுடாவில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்தவர், எனக்கு நல்ல பழக்கம், அவருக்கும் சுகர்தான். டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்க வந்தார். அஞ்சலையைக் கழுவச் சொன்னார்கள், கழுவ வந்தார். ஒரே வியாதிக்காக இரண்டு பேரும் ஒரே பூங்காவுக்கு வந்தார்கள். ஒருவருக்குத்தான் நான் பாதை போட்டிருந்தேன்.

எழுத்தில் வந்த மனுவுக்கு எழுத்தில் பதில் போகவேண்டும். சார் நடவடிக்கை எடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினார். கோதண்டத்தைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் 'இங்கு கை, கால் கழுவக் கூடாது' என்று பலகை வைத்தேன். பெயிண்டர் எழுத்து கோணலாக வந்ததால் நானே பென்சிலில் கோடு போட்டுக் கொடுத்தேன். எழுத்து அழகாக வந்தது.

பலகை வைத்து ஒரு வாரம் இருக்கும், அஞ்சலை ஆபீசுக்கு வந்தார். உப்பளத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உள்ள விட வேணாம்மா. சொவத்துக்கு வெளியில ஒரே ஒரு கொழா போட்டுக் குடுத்துடுங்க. நாங்க ரோட்டோரமா நின்னு கழுவிக்கினு போயிடுறோம்" என்றார்.

அது பிளம்பருக்கு அரைநாள் வேலை. குழாயும் பைப்பும் ஸ்டோரில் கிடந்தன. ஆனால் அன்று எனக்குத் தணிக்கைக்காரர்கள் வருகிற வாரம், தலைக்குமேல் வேலை. மனுவாக எழுதிக் கொடுங்கள், கூட்டத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்றேன். தனக்குப் பெயர் மட்டும்தான் எழுத வரும் என்றார். யாரையாவது எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன். பேனா என் கையில்தான் இருந்தது, காகிதம் மேஜைமேல்தான் இருந்தது. எழுத ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். அவர் சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். தரையில் அவர் நின்ற இடத்தில் ஈரக்கால் காய்ந்து வெள்ளையாக இரண்டு தடம் இருந்தது. பெருக்குகிற அம்மா வந்து துடைத்தார். நானும் மறந்துபோனேன்.

மழைக்காலம் வந்து உப்பளம் நின்றது. தை பிறந்து மறுபடி பாத்தி கட்டி இறங்கினார்கள். பங்குனி வாக்கில் ஒருநாள் பூங்காவில் பல்பு மாற்றப் போனபோது, கோதண்டம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த அஞ்சலை புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்குது மேடம், இரண்டு விரலை எடுத்துட்டாங்களாம் என்றார். சொல்லிவிட்டு, அதில் தன் பங்கு என்ன என்று தேடுகிறவர்போலப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பங்கு ஒன்றும் இல்லை. என் பங்குதான் எனக்குத் தெரியும். சுகர் இருக்கிறவர்களுக்கு எப்படியும் நடக்கக்கூடியதுதான் என்று என் வீட்டில் சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். அந்தக் குழாய் இருந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. தப்பியிருக்காது என்றும் சொல்லவில்லை.

அஞ்சலை வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் போனேன். மருமகள் நாற்காலி எடுத்துப் போட்டார், டீ கொடுத்தார். அஞ்சலை கட்டிலில் உட்கார்ந்தபடி கட்டுப் போட்ட காலைப் புடவையால் மூடிக்கொண்டார். பழம் எதற்கு, சுகர்காரிக்கு யாராவது மாம்பழம் வாங்கி வருவார்களா என்று கேலி செய்தார். உண்மைதான், பதற்றத்தில் மாம்பழம் வாங்கிப் போயிருந்தேன். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். என்னத்த என்று கேட்டார். குழாய் மனு என்றேன். பிறகு சொன்னார். சொன்னபடியே எழுதினேன், அரசாங்கத் தமிழ் எதுவும் சேர்க்கவில்லை. கீழே அவர் பெயரை மெதுவாக எழுதினார்.

சார் அதை இரண்டு தரம் படித்தார். இத்தனை நாள் என் குறிப்புகளைப் படித்தவருக்கு என் எழுத்து தெரியாதா?

"நீங்க எழுதினதா?"

"அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன் சார்."

"முதல்லயே எழுதியிருக்கலாமேம்மா" என்றார். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இடத்தைப் பார்த்து நிரப்பிய பழைய படிவத்தையும் நானே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். குழாய் பழுதாக இல்லை சார், பொய் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் படிவத்தைப் பார்த்தார். நானும்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பதினோரு மணிக்கு என்னோடு கிளம்பி வந்தார். குடை கொண்டுவரவில்லை. பெண்கள் கரையேறி வருவதைச் சாலை ஓரத்தில் நின்று பார்த்தார். பிறகு பூங்காவுக்குள் போய், ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, கொதிக்கிற கூழாங்கல்லில் ஏறினார். எட்டு வடிவப் பாதையில் கால்வாசிகூட முடிக்கவில்லை, துள்ளிப் புல்லுக்கு இறங்கிவிட்டார். கோதண்டம் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். சார் என்னைப் பார்த்து, இதை யாருக்காகம்மா போட்டோம் என்று உண்மையாகவே கேட்டார்.

அந்த வாரமே முடிவாயிற்று. பகல் முழுக்கக் கேட் திறந்திருக்கும். பூவரச மரத்துக்கு நேரே சுற்றுச்சுவரை ஒரு கதவு அகலத்துக்கு இடிப்பது. அந்த இடத்தில் குழாயும், உட்கார்ந்து கால் கழுவ ஒரு திண்டும் கட்டுவது. வரைய உட்கார்ந்தேன். திண்டு எவ்வளவு உயரம் என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. புத்தகத்தில் பெஞ்சுக்கு உயரம் போட்டிருக்கிறது. மணிக்கணக்காகக் குனிந்து நிமிர்ந்து சுமை தூக்கிய பெண் உட்கார்ந்தால், குனியாமல் பாதம் குழாய்க்குக் கீழே வரவேண்டும். அதற்குப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு அஞ்சலை வீட்டுக்கே போனேன். கட்டிலில் உட்காரவைத்து, முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்தேன். அப்போதுதான் அந்தக் காலைக் கட்டு இல்லாமல் பார்த்தேன். கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் இருந்த இடம் வழுவழுவென்று சுருங்கி இருந்தது. டேப்பின் நுனியைக் குதிகாலிலிருந்து நழுவவிட்டுவிட்டேன். அளவு தப்பாப் போயிடப் போவுதும்மா என்றார் அவர். இரண்டாம் தரம் அளந்தேன். இத்தனை வருஷத்தில் மண்ணையும் சுவரையும் அளந்திருக்கிறேன். ஒரு ஆளை அளந்து வரைந்தது அதுதான் முதல் தடவை. குழாய் இடது பக்கம் வேண்டாம், ஒரு கையால் திண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தரை வழவழப்பாக வேண்டாம், கழுவிய தண்ணீர் மரத்து வேருக்குப் போகக்கூடாது, அதில் உப்பு இருக்கும் என்று அவர்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். தண்ணீர் வடிய மரத்துக்கு எட்டாத தூரத்தில் ஒரு உறிஞ்சுகுழி வெட்டினோம். அதை நிரப்பக் கல் வேண்டியிருந்தது. எட்டு வடிவப் பாதையைப் பெயர்த்து, நான் பொறுக்கிப் பதித்த கூழாங்கற்களை எல்லாம் அந்தக் குழிக்குள் கொட்டினோம். ஒரு கல்லுக்குக்கூட எனக்கு வருத்தம் இல்லை. நடக்க வருகிறவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. மண்பாதையே போதும், அந்தக் கல்லு எங்களுக்கும் ஆகவில்லை என்று வளைகுடாக்காரரே சொன்னார்.

திறப்பு விழா எதுவும் வைக்கவில்லை. ஒரு பதினோரு மணிக்குத் தண்ணீர் விட்டோம், அவ்வளவுதான். அஞ்சலை அன்று உப்பளத்திலிருந்து வரவில்லை. அந்தக் காலோடு இனி பாத்தியில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கு முதலில் வேண்டியிருந்ததோ அவருக்கு அது இனிமேல் வேண்டியதில்லை. இது எனக்கு வரைபடம் போடும்போதே தெரியும். இருந்தாலும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் ஒதுங்கி நின்று, நீதான் முதல்ல உக்காரணும் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் உட்கார்ந்தார். உயரம் சரியாக இருந்தது. ஒரு கையால் திண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழாயைத் திறந்து, முதலில் நல்ல காலை, பிறகு அந்தக் காலை நீட்டினார். விரல் இல்லாத இடத்தில் தண்ணீர் விழுந்து வழிந்தது.

பல நாளாகக் கேட்காமல் இருந்ததை அப்போதுதான் கேட்டேன். என் மேல் கோபமா என்று.

காலைத் திருப்பித் திருப்பிக் காட்டி எல்லாப் பக்கமும் தண்ணீர் படவிட்டார்.

"கோவம் இருக்குதும்மா. இல்லாம எங்க போவும்?" என்றார். பிறகு குழாயை மூடாமலேயே கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "தண்ணி நல்லா இருக்குது. உக்காரு."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.